சாவிக்காரி மறந்த பூட்டு

அந்தத் துறையில் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர். நேரில் பார்த்தால் 'மேடம்', கதவைத் தாண்டிப் போனால் சாவிக்காரி. இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு அலைந்ததால் வந்த பெயரல்ல. பல்கலைக்கழக சர்வருக்குள் நுழைய வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் தன் கணினியில் தனக்கென்று ஒரு சாவி செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு பாதிகள். பொதுப் பாதியை அவளுக்கு அனுப்ப வேண்டும். ரகசியப் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனாலும் வருடத்துக்குப் பத்துப் பேராவது, அதுவும் பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம் போட்டுக்கொள்கிற ஆட்கள், ரகசியப் பாதியை மின்னஞ்சலில் அனுப்பிவைப்பார்கள்.

"வீட்டைப் பூட்டிட்டு சாவியைத் தெருவுல ஒட்டி வைப்பீங்களா? இதை அழிச்சிட்டு, புதுசா செஞ்சு அனுப்புங்க" என்று அவளிடமிருந்து பதில் போகும். மாணவனுக்கும் அதே பதில், பேராசிரியருக்கும் அதே பதில். அதனால் அந்தப் பெயரோடு கொஞ்சம் பயமும் ஒட்டிக்கொண்டது.

பதினேழு வருடம் அவள் அங்கே வேலை பார்த்தாள். பதினேழும் ஒப்பந்த வருடங்கள். நிரந்தரமாக்கக் கோரும் அவளுடைய கோப்பு மூன்று தடவை மாடி ஏறியது, மூன்று தடவையும் படி இறங்கி வந்தது. மாடிப்படிக்கு அடியில், சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல் அறை அவளுடையது. பக்கத்து அறையில் இயந்திரங்களுக்காக ஓடும் குளிர்சாதனம் சுவரைத் தாண்டி அவளையும் விறைக்க வைக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் நின்னாத்தான் என்னை ஞாபகம் வரும், சர்வர் நின்னாத்தான் உன்னை ஞாபகம் வரும். நல்ல ஜோடி" என்று அவர் அடிக்கடி சொல்வார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அவளுடைய வேலையில் முக்கால்வாசி ரெப்போக்களைப் பார்த்துக்கொள்வது. ஆராய்ச்சி செய்கிற குழு ஒன்று சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதுகிறது என்று வையுங்கள். யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்பதை கிட் என்ற மென்பொருள் குறித்துக்கொண்டே வரும். அந்தக் குழுவின் எழுத்தெல்லாம் சேர்ந்து தங்குகிற பொது இடம்தான் ரெப்போ. அதற்குள் உட்கார்ந்து யாரும் எழுதுவதில்லை; அவரவர் கணினியில் எழுதிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், மற்றவர்கள் சேர்த்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். சேர்ப்பதற்குப் புஷ் என்று பெயர்.

பார்க்க எளிதாகத்தான் தெரியும். ஒருவர் போட்ட கோப்பு அவர் பெயரிலேயே நின்றுவிட்டால் அடுத்தவரால் அதில் கை வைக்க முடியாது. உடனே ஒரு புத்திசாலி எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவார். திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாகிவிடும். சாவிக்காரி குழுவுக்குக் குழு தனித்தனியாகப் பிரித்து, புதிதாக எந்தக் கோப்பு வந்தாலும் அது குழுவுக்கே சொந்தமாகும்படி செய்துவைத்திருந்தாள். பழைய வரலாற்றை யாரும் அடித்துவிட்டு மேலே எழுத முடியாதபடி ஒவ்வொரு ரெப்போவிலும் ஒரு பூட்டு. போதாததற்கு ஒரு பதிவேடு: ஒவ்வொரு புஷ்ஷுக்கும் யார் சாவி, என்ன தேதி, எத்தனை மணி, கிட் அதற்குக் கொடுத்த எண் என்ன என்று தானாகவே ஒரு வரி விழும்.

துறைத்தலைவருக்கு இதெல்லாம் பிடிக்காது. "எதுக்கும்மா ஆளுக்கொரு சாவி? எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு குடுத்துட்டா முடிஞ்சது" என்று வருடா வருடம் சொல்வார். "எழுதிக் குடுங்க சார், செஞ்சிடறேன்" என்பாள். எழுதிக் கொடுக்க மட்டும் அவர் பேனா ஓடாது.

டீச்சர் என்று ஒருத்தி அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஏறும் என்று முன்கூட்டியே சொல்கிற புரோகிராம். ஆறு வருட உழைப்பு. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் புஷ். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த நாள்களில்கூட மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து சேர்த்த வரிகள் அதில் உண்டு. சாவிக்காரிக்கு வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பதிவேட்டில் டீச்சருடைய சாவியின் பெயர் விழாத வாரம் இல்லை என்பது தெரியும்.

அதே குழுவில் ஒரு இளம் விரிவுரையாளன் இருந்தான். துறைத்தலைவரின் அண்ணன் மகளைக் கட்டியவன். அதனால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. வேலைக்கு வந்து ஐந்து வருடம். டீச்சரின் ரெப்போவில் அவனுக்கும் சாவி உண்டு. ஐந்து வருடத்தில் அவன் செய்த புஷ் ஒன்பது. அதில் நான்கு, எழுத்துப் பிழை திருத்தம்.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். ஒருநாள் டீச்சர் பத்து வருட மழை அளவுகள் கொண்ட ஒரு பூதாகரமான கோப்பைத் தவறுதலாக ரெப்போவுக்குள் சேர்த்துவிட்டாள். வரலாற்றில் ஒரு தடவை ஏறிய கோப்பு, மேலே அழித்தாலும் அடியில் கிடக்கும். அதிலிருந்து எடுத்துப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கணினி திணறியது. துறைத்தலைவர் மாடியிலிருந்து கத்தினார். வரலாற்றையே திருத்தி எழுதினால்தான் அந்தக் கோப்பை வெளியேற்ற முடியும். அதற்குப் பூட்டைத் திறக்க வேண்டும். சாவிக்காரி திறந்தாள். அரைமணி நேரத்தில் டீச்சர் வேலையை முடித்துவிட்டு, "ஆச்சுக்கா, நீங்க மூடிக்கலாம்" என்று சொன்னாள். மூடப் போகிற நேரத்தில் மாடியிலிருந்து ஃபோன். பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதாம். துறைத்தலைவர் அறைக்கு ஓடி, அதைப் பிய்த்தெடுத்து, கையில் மையோடு கீழே வந்தபோது வேறு நான்கு பேர் வாசலில் நின்றார்கள். பூட்டு மறந்துபோயிற்று. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, பதினான்கு மாதம் திறந்தே கிடந்தது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டல்லவா? மாப்பிள்ளை அதைத்தான் செய்தான். டீச்சர் புரோகிராமை முடித்துவிட்டு வீட்டில் ஆய்வேடு எழுத உட்கார்ந்திருந்த சமயம், ஒரு மதிய உணவு வேளையில், அவளுடைய புரோகிராம் முழுவதையும் எடுத்து, ஆறு வருட வரலாற்றையும் உதறிவிட்டு, ஒரே ஒரு புஷ்ஷாகச் சேர்த்தான். 'முதல் வடிவம்' என்று தலைப்பு. எழுதியவர் இடத்தில் அவன் பெயர். தேதி, நான்கு வருடத்துக்கு முந்தையது. கிட்டில் பெயரையும் தேதியையும் நாம் என்ன கொடுக்கிறோமோ அதை அப்படியே வாங்கிக்கொள்ளும்; பொய் சொன்னால் திருப்பிக் கேட்காது. பூட்டு மூடியிருந்தால் சர்வர் அந்தப் புஷ்ஷை முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பியிருக்கும். அது திறந்து கிடந்ததே.

பிறகு அவன் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. டீச்சர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போனபோது, அது மாப்பிள்ளையின் வேலையைப் பார்த்து எழுதியது என்று ஒரு புகார் காத்திருந்தது. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு. குற்றம் நிரூபணமானால் பட்டம் போகும். இனி எங்கும் சேரவும் முடியாது.

டீச்சர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு அறைக்கு ஓடிவந்தாள். "அக்கா, என்கிட்ட பழைய வரலாறு முழுசா இருக்கு. ஆனா, உன் கம்ப்யூட்டர்ல நீ எந்தத் தேதியை வேணும்னாலும் போட்டுக்கலாமேன்னு கேக்கறாங்க. நான் போட்டேனாம்! நான்!"

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. சாவிக்காரி பதிவேட்டைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் கிட் ஒரு நீள எண் கொடுக்கும். எழுதியதில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். டீச்சரின் மடிக்கணினியில் இருந்த எண்களும், ஆறு வருடமாகப் பதிவேட்டில் விழுந்த எண்களும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. நான்கு வருடத்துக்கு முந்தையது என்று சொன்ன 'முதல் வடிவம்' போன மார்ச் மாதம் மதியம் ஒன்று நாற்பதுக்குத்தான் சர்வருக்கு வந்திருந்தது, மாப்பிள்ளையின் சாவியில். கூடவே இன்னொன்றும் அந்த வரியில் இருந்தது: வரலாறு அடித்து எழுதப்பட்டது என்ற குறிப்பு. பூட்டு திறந்திருந்தால்தான் அப்படி ஒரு குறிப்பு விழும். சாவிக்காரி அந்த ரெப்போவின் பூட்டைத் திரையில் பார்த்தாள்; இன்னும் திறந்தே கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். கோபம் முதலில் தன்மேல்தான் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினேழு வருடத்தில் அந்த அறையில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது அன்றைக்குத்தான்.

"அந்தப் பதிவேடு மூணு மாசத்துக்கு மேல இருக்காதுதானே?"

"ஆறு வருஷத்துக்கும் இருக்கு சார்."

"நிறைய இடத்துல மூணு மாசத்துல அழிஞ்சிடும்னு கேள்விப்பட்டேன்."

"இங்க அழியாது சார்."

அவர் அவளுடைய கோப்பை எடுத்து மேசைமேல் வைத்துத் தட்டினார். "நாலாவது தடவையா இதை மேல அனுப்பலாம்னு இருக்கேன். இந்தத் தடவை கையெழுத்து ஆகும், நான் பேசிட்டேன். நீ பதிவேட்டைக் கொண்டுபோனா பூட்டைத் திறந்துவிட்டது யாருன்னு கேப்பாங்க. வேலியே பயிரை மேஞ்சதுன்னு எழுதிடுவாங்க. உனக்கும் ஒரு பொண்ணு படிக்குது. யோசிச்சுக்கோ."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. திருடியவன் மாடியில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், தாழ்ப்பாள் போட மறந்தவள் யோசிக்க வேண்டுமாம். "யோசிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படிச் சொன்னதற்காகவும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வேலைப் பையைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்.

"பூட்டு விஷயத்தை நீயா சொல்லாட்டி தெரியாதா?"

"அந்த வரியைக் காட்டாம அவனை மாட்ட முடியாது. அந்த வரியைக் காட்டினா நானும் மாட்டுவேன். ரெண்டும் ஒரே வரி."

"அப்போ நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட. என்கிட்ட எதுக்குக் கேக்கற?"

"கேக்கல. சொல்றேன்."

"சொல்றதை ஏன் கத்திக்கிட்டே சொல்ற?" என்றார் அவர். அப்போதுதான் அவளுக்கே தான் கத்துவது தெரிந்தது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைக் கண்டு திரும்பிப் போய்விட்டாள்.

விசாரணைக் குழுவின் தலைவி வேறொரு துறைப் பேராசிரியை. சாவிக்காரி தொண்ணூறு பக்கம் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தாள். எண்ணுக்கு எண் விரலை வைத்துக் காட்டினாள். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் சொன்னது ஒன்றுதான்: "சர்வர் ஏத்துக்கிச்சு மேடம். தப்புன்னா அதுவே மறுத்திருக்கும். அதனால எனக்கு அனுமதி இருக்குன்னு நினைச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவன் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டு சின்னது என்று புகார் சொல்கிறான்.

"பூட்டு ஏன் திறந்திருந்தது?" என்று தலைவி கேட்டாள்.

"நான் திறந்தேன். மூட மறந்துட்டேன். அது என் தப்பு" என்றாள் சாவிக்காரி. "கதவு திறந்திருந்துச்சுன்னு உள்ள போய்ப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்து, அதுல தன் பேரையும் வெட்டி, நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுன்னு தேதியும் போட்டது என் தப்பில்லை. ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோங்க மேடம்."

தனித்தனியாகத்தான் எழுதினார்கள். டீச்சர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். மாப்பிள்ளையின் செயல் 'ஆர்வக் கோளாறு'. கட்டுரையைத் திரும்பப் பெறுவது, வாய்மொழி எச்சரிக்கை. சர்வர் பொறுப்பாளரின் செயல் 'பொறுப்பின்மை'. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மாற்று ஏற்பாடு ஆகும்வரை சர்வரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் துறைத்தலைவர் விடை வைத்திருந்தார். மாப்பிள்ளை பார்ப்பான்.

கடைசி நாளில் டீச்சர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால உங்க வேலை போச்சேக்கா" என்று அழுதாள். "உன்னால போகலை. வாயை மூடிக்கிட்டுப் போய் ஆய்வேட்டை முடி" என்று அதட்டி அனுப்பினாள் சாவிக்காரி. அன்பாக நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அன்றைக்கு அவளிடம் அது இல்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி. அவள் பால்கனியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். எங்க குழு ரெப்போ எல்லாத்தையும் என் பேருக்கு மாத்தினேன். அதுலேருந்து யாராலயும் புஷ் பண்ண முடியலை. டீச்சர் வேற, நாளைக்குத் தேர்வாளருக்குப் புரோகிராமை அனுப்பணும்னு கத்தறாங்க. பெர்மிஷன் இல்லைன்னே வருது."

வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டாள். ஃபோனை வைத்துவிடத்தான் கை போனது. ஆனால் தேர்வாளர், நாளைக்கு, டீச்சர். துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஃபோல்டரைக் குழுவின் பெயருக்கு மாற்று, குழுவுக்கு எழுதும் அனுமதி கொடு, புதிதாக வரும் கோப்பும் குழுவுக்கே சேரும்படி கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் தட்டுவது ஃபோனில் கேட்டது.

"ஆச்சுக்கா! டீச்சரோட புஷ் போயிடுச்சு!"

"சர்வர்லேருந்து என் சாவியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எந்த சாவி?"

அவள் தன் மடிக்கணினியைத் திறந்து தட்டிப் பார்த்தாள். சர்வர் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்டது. பொறுப்பில்லாதவள் என்று எழுதி வெளியே தள்ளிய ஒன்பதாம் நாள், எல்லாக் கதவும் அவளுக்குத் திறந்திருந்தது. துறைத்தலைவரின் ஃபோல்டர் இருந்தது. அதற்குக் கீழே மாப்பிள்ளையின் ஃபோல்டர். அவன் அடுத்து எழுதுகிற கட்டுரையும் அதில்தான் இருந்தது. ஒரே வரி தட்டினால் போதும், ஒன்றும் மிஞ்சாது. யார் செய்தது என்று கண்டுபிடிக்கவும் அங்கே இனி ஆள் கிடையாது. அவளுக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், பசி போல அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த வரியில் பாதியைத் தட்டவும் தட்டினாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

தட்டியதை அழித்தாள். சர்வரை விட்டு வெளியே வந்தாள்.

"சாவின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆளுக்கு ஒரு ஃபைல். என் பேர்ல இருக்கறதை அழிங்க."

"ஐயோ, அது இருக்கட்டும்க்கா. ஏதாவது பிரச்சினைன்னா நீங்களே வீட்லேருந்து உள்ள வந்து சரி பண்ணிடலாமே. எனக்கும் இதெல்லாம் அவ்வளவா வராது."

பதினேழு வருடமாக யாரிடமும் மரியாதை குறையாமல் பேசியவள் அவள்.

"பொறுப்பில்லாதவள்னு எழுதித்தானே அனுப்பினீங்க? பொறுப்பில்லாதவ கையில சாவி எதுக்கு? சம்பளமில்லாம உள்ள வந்து உன் குப்பையைக் கூட்டறதுக்கா? அழிடா!"

அந்தப் பக்கம் இரண்டு மூன்று தட்டல்.

"அழிச்சிட்டேன்" என்றான், மிக மெதுவாக.

அவள் மறுபடி உள்ளே நுழைய முயன்றாள். அனுமதி மறுக்கப்பட்டது என்று திரையில் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். மறுபடியும் மறுத்தது.

"சரியா இருக்கு. இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டு பால்கனிக்குப் போனாள். வாளியில் வீட்டுக்காரரின் வேலைச் சட்டை கிடந்தது. எடுத்துப் பிழிந்தாள், தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள், தோள்பட்டையில் தையல் விட்டுப்போகும்வரை பிழிந்தாள்.